திருவழிபாட்டு ஆண்டும் வீட்டுச் செபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பதால் பிள்ளைகளை விடப் பெற்றோர்கள்தான் என்னிடம் அதிகம் கேள்வி கேட்பார்கள். பூசை முடிந்து வாசலில் செருப்பு தேடும் நேரத்தில், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் சுண்டல் கொடுக்கும் நேரத்தில் வந்த கேள்விகள் இவை. நான் குருவும் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்க வீட்டில் ஆண்டு முழுவதும் எப்படிச் செபிக்கலாம் என்பதை, தெரிந்த அளவில் சொல்கிறேன்.

திருவழிபாட்டு ஆண்டு ஜனவரி 1இல் தொடங்குவதில்லையா?

இல்லை. திருவழிபாட்டு ஆண்டு என்பது கோவில் வழிபாட்டின் காலண்டர். அதில், கிறிஸ்து பிறப்புக்கு முன் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுதான் நமக்குப் புத்தாண்டு. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. அதனால் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எப்போதும் வந்துவிடும். 2026இல் நவம்பர் 29. அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அந்த வாரத்தோடு பழைய ஆண்டு முடிந்தது.

வரிசை இதுதான்: திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்புக் காலம், கொஞ்சம் பொதுக்காலம், தவக்காலம், பாஸ்கா முப்பெரும் நாள்கள் (பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை), உயிர்ப்புக் காலம், மீண்டும் நீளமாகப் பொதுக்காலம். ஜனவரி 1ஆம் தேதி ராத்திரிப் பூசைக்குக் கோவில் நிரம்பி வழிகிறதே என்பீர்கள். அன்று திருச்சபை கொண்டாடுவது ‘மரியா, இறைவனின் தாய்’ பெருவிழா. காலண்டர் மாறுவதும் அதே நாளில் நடக்கிறது, அவ்வளவுதான்.

தினமும் செபமாலை சொல்கிறேன். காலத்துக்கு ஏற்பச் செபத்தை மாற்றத்தான் வேண்டுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி செபிப்பவர்கள் கேட்பதும் ஒன்றாகவே இருந்துவிடுகிறது. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்: பிள்ளை படிப்பு, உடம்பு, கடன், வீட்டு வேலை. மே மாதமானாலும் டிசம்பரானாலும் அதே நான்கு. அவையெல்லாம் தேவையான விண்ணப்பங்களே. ஆனால் காத்திருக்கக் கற்றுக்கொடு என்றோ, நான் செய்த தப்பை எனக்குக் காட்டு என்றோ, சும்மா சந்தோஷமாக இருக்க விடு என்றோ நாமாகப் போய்க் கேட்கமாட்டோம். திருவழிபாட்டு ஆண்டு அவற்றைக் கேட்க வைக்கிறது. நாம் தேர்ந்தெடுக்காத செபத்தை நம் வாயில் வைக்கிறது.

செபமாலையை விட வேண்டாம். அதோடு, காலத்துக்கு ஒன்றாக ஒரு சின்ன செபத்தைச் சேர்த்துக்கொண்டு, காலம் மாறும்போது அதை மாற்றுங்கள். ஒன்று போதும். ஐந்தாறு சேர்த்தவர்கள் பத்து நாளில் அத்தனையையும் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

செபமாலைக்குள்ளும் ஒரு சுழற்சி இருக்கிறது. இயேசு, மரியாவின் வாழ்க்கையிலிருந்து அதில் தியானிக்கும் நிகழ்வுகளை மறையுண்மைகள் என்போம்; அவை நாளுக்கு நாள் மாறும். திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைகள், செவ்வாய், வெள்ளி துயர், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல்தான் சேர்த்தார். அதனால் பழைய செபப்புத்தகத்தில் அவை இருக்காது; புத்தகத்தில் தாள் கிழிந்துவிட்டதோ என்று தேடாதீர்கள்.

டிசம்பர் முழுக்கக் கேரல், ஸ்டார், கேக். திருவருகைக் காலத்தில் செபிக்க நேரம் எங்கே?

நல்ல கேள்வி, எனக்கும் அதே பாடுதான். கேரல் குழு டிசம்பர் முதல் வாரமே ட்ரம்ஸோடு கிளம்பிவிடுகிறது. ஞாயிறு பூசைக்குப் போனால் குருவானவர் ஊதா உடையில் நிற்கிறார், ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை, வாசகங்களோ விழித்திருங்கள் என்கின்றன. வீதியில் குழந்தை பிறந்தாகிவிட்டது. பீடத்தில் இன்னும் பிறக்கவில்லை.

இந்தக் காலத்துக்கு இரண்டு முகம் உண்டு. டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கிய காத்திருப்பு; திருமுழுக்கு யோவான் அதில் நிறையப் பேசுவார். 17 முதல் 24 வரைதான் பெத்லகேமுக்கான நேரடித் தயாரிப்பு. மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு உடை போடலாம், மகிழ்ச்சியின் ஞாயிறு.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு அது பொங்கும் வரை நிற்பேன். அந்த இரண்டு மூன்று நிமிடமும் வேறு வேலை செய்வதில்லை, போனைத் தொடுவதில்லை. ‘மாரனாத்தா, ஆண்டவரே வாரும்’ என்று மெதுவாகச் சொல்வேன். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசியில் வரும் அரமேயச் சொல் அது. தொடக்கத் திருச்சபையின் செபம். காத்திருப்பது என்றால் என்ன என்று பால் பாத்திரத்தின் முன்னால் நின்றால் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது, திரும்பினால் பொங்கிவிடும்.

மாலையில் பிள்ளைகளோடு செபிக்க, நான்கு மெழுகுவர்த்தி வைத்த திருவருகைக் கால வளையம் நல்ல துணை. செர்மனியில் சீர்திருத்தச் சபையாரிடம் தொடங்கிய பழக்கம் அது. இன்று நம் கோவில்களிலும் வந்துவிட்டது. வளையம் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் தட்டில் நான்கு வத்தி போதும். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும்போது பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், யார் ஏற்றுவது என்று. அதற்கும் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

குடிலில் குழந்தை இயேசுவை எப்போது வைப்பது? எப்போது எடுப்பது?

24ஆம் தேதி இரவு, பூசை முடிந்து வந்ததும் வைக்கலாம். வீட்டில் சின்னவர் யாரோ அவர் கையில் கொடுங்கள். மூன்று ராசாக்களை முதலிலேயே குடிலுக்குள் நிறுத்தாமல், டிவி மேசையிலோ அலமாரியிலோ தூரமாக வைத்து நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி, அவர்கள் குழந்தையைக் கண்டு வணங்கியதை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழா அன்று கொண்டுவந்து சேர்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு.

கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில் வரும். அதுவரை குடில் இருக்கட்டும். 26ஆம் தேதியே பிரித்து அட்டைப்பெட்டியில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஒப்பாது. பன்னிரண்டு மாதம் காத்திருந்து ஒரே நாள்தானா? முதல் குடிலைப் புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் அமைத்தார். அங்கே பொம்மைகள் இல்லை. வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை.

தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே?

நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து, உயிர்ப்புக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் 46தான். நடுவில் ஆறு ஞாயிறு. ஞாயிறு எந்தக் காலத்திலும் ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால் நோன்புக் கணக்கில் வராது. கழித்தால் 40. அதற்காக ஞாயிறன்று பிரியாணிக் கடையில் வரிசை கட்ட வேண்டுமா என்று ஒரு மாணவன் கேட்டான். அது அவரவர் மனசாட்சி என்று சொல்லித் தப்பித்தேன்.

தேதி ஏன் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன். பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அண்ணாந்து பாருங்கள். முழு நிலாவோ அதையொட்டிய நிலாவோதான் இருக்கும். கெத்சமனியிலும் அன்று அதே நிலாதான்.

ஒருசந்திக்கும் சுத்தபோசனத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒருசந்தி என்பது அளவைக் குறைப்பது: நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாள்கள். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு; ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கடும் உடல் உழைப்புச் செய்கிறவர்கள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து மயங்கி விழுந்த பெரியவரை நான் கோவிலிலேயே பார்த்திருக்கிறேன். அதைக் கடவுளும் கேட்கவில்லை, திருச்சபையும் கேட்கவில்லை.

மீன் சாப்பிடலாமா?

சட்டப்படி சாப்பிடலாம், விலக்குவது இறைச்சியைத்தான். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் தவக்காலம் என்றால் மீன், முட்டை எதுவும் கிடையாது. அது நல்ல வழக்கமே. வேண்டுமானால் ஒன்று யோசிக்கலாம்: கறியை விட்டுவிட்டு, அதைவிட விலை கூடிய பனீர் வாங்கினால் யார் என்ன இழந்தார்கள்? மிச்சமாகும் காசு இன்னொருவர் தட்டுக்குப் போக வேண்டும். நோன்பு, செபம், தருமம் மூன்றும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஒன்றாகத்தான் வருகின்றன. அதுவே திருநீற்றுப் புதன் நற்செய்தியும்.

எதை விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு தவக்காலம் நான் காபியை விட்டேன். மூன்றாம் வெள்ளிக்குள் வீட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. “நீ காபியைக் குடி, எங்களைத் திட்டுறத விடு, அதுதான் எங்களுக்குப் பெரிய வெள்ளி” என்றார் வீட்டுக்காரர். அந்த ஆண்டிலிருந்து காபி உண்டு.

தவக்காலத்துக்கான சின்ன செபம் என்று கேட்டால், வரி தண்டுபவர் கோவிலின் பின்னால் நின்று சொன்னதுதான்: “கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்.” லூக்கா 18. பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம். கொஞ்சம் நேரம் இருந்தால் திருப்பாடல் 51.

சிலுவைப் பாதையை வீட்டில் தனியாகச் செய்யலாமா?

தாராளமாக. வெள்ளிக்கிழமை மாலை கோவிலுக்குப் போக முடியாத வேலை பலருக்கு. இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியின் 14 நிலைகளுக்கு வீட்டில் 14 படம் தேவையில்லை, ஒரு பாடுபட்ட சுரூபம் போதும்.

பதினான்கு நிலைகளையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு நிலையை எடுத்து அதிலேயே நின்றுவிடுங்கள். ஐந்தாம் நிலை எனக்குப் பிடித்தது: சிரேன் ஊர் சீமோன். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆள். தானாக முன்வந்து உதவவில்லை, பிடித்து இழுத்துச் சுமக்க வைத்தார்கள். மாமியாரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சாப்பாடு ஊட்டி, உள்ளுக்குள் சலித்துக்கொண்டே செய்த நாள்கள் எனக்கு உண்டு. விருப்பத்தோடு செய்யாத உதவி கணக்கில் வருமா என்று குமைந்திருக்கிறேன். சீமோன் விரும்பியா சுமந்தார்? ஆனாலும் அந்தச் சில நூறு அடி தூரம் இயேசுவின் தோள் பாரம் குறைந்தது உண்மை. மாற்கு அவருடைய பிள்ளைகள் பெயரைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார்: அலக்சாந்தர், ரூப்பு. அந்த வீட்டில் பிறகு அந்தக் கதையை எத்தனை முறை பேசியிருப்பார்கள்!

எல்லா நிலைகளும் விவிலியத்தில் இல்லையே என்பார்கள். சரிதான், மூன்று முறை விழுவதும் வெரோணிக்காவும் நற்செய்தியில் இல்லை, மக்களின் பக்தியில் வளர்ந்தவை. அதைத் தெரிந்துகொண்டே செபிக்கலாம். ஊரில் பெரியவர்கள் “எங்கள்மேல் தயவாயிரும் சுவாமி” என்று இழுத்துச் சொல்லும்போது முழங்கால் வலியும் அந்த இழுப்பில் சேர்ந்து வரும். அதுவும் செபம்தான்.

புனித வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். எதற்குப் போவது?

பெரும்பாலானவர்கள் பெரிய வெள்ளி என்பார்கள். மூன்று மணி வழிபாடு, பாடுகளின் வரலாறு, சிலுவை முத்தி, வெளியே வந்தால் கஞ்சி. கூட்டமும் அன்றைக்குத்தான். துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்பது நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் என்னைக் கேட்டால் சனி இரவு, பாஸ்கா திருவிழிப்பு. எல்லாத் திருவிழிப்புகளுக்கும் தாய் அதுதான். சனி இரவு என்பதால் பெரும்பாலும் லீவும் போட வேண்டாம்!

கோவிலுக்கு வெளியே இருட்டில் தீ மூட்டுவார்கள். பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியில் குரு முதலில் சிலுவை வரைவார். மேலே ‘அ’, கீழே ‘ன’. கிரேக்கத்தின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருக்க வேண்டிய இடம் அது. தமிழ் எழுத்து வரிசை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவதால், தமிழ் விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் ஆண்டவர் “அகரமும் னகரமும் நானே” என்கிறார். பிறகு நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகள். வகுப்புப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி இதைக் காட்டியிருக்கிறேன். அடுத்த நாள் கேட்டால் மறையுரை ஞாபகம் இருக்காது, ‘ன’ ஞாபகம் இருக்கும்.

அப்புறம் அந்த ஒரு திரியோடு இருண்ட கோவிலுக்குள் நுழைவோம். “கிறிஸ்துவின் ஒளி இதோ” என்று மூன்று முறை பாடல். அதிலிருந்து பக்கத்து ஆளுக்கு, அவரிடமிருந்து அடுத்த ஆளுக்கு என்று வெளிச்சம் பின்வரிசை வரை பரவும். காகித வளையத்தையும் மீறி மெழுகு விரலில் சொட்டும். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் உண்டு. பல கோவில்களில் குறைத்துக்கொள்வார்கள், ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடவே கூடாது. நீளம்தான். பிள்ளைகள் மடியில் தூங்கிவிடுவார்கள். ‘உன்னதங்களிலே’ தொடங்கி, வியாழன் இரவு முதல் அடங்கியிருந்த மணியும் கூடவே அதிரும்போது எழுந்துவிடுவார்கள்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்துவிட்டது. இனி என்ன செபம்?

முடியவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. உயிர்ப்புக் காலம் 50 நாள், தவக்காலத்தை விட நீளம். தூய ஆவியார் பெருவிழா வரை போகும். ஆனால் நம்மில் பலர் 40 நாள் அழுவதற்குத் தெரிந்துகொண்ட அளவுக்கு 50 நாள் மகிழ்வதற்குத் தெரிந்துகொள்ளவில்லை. தவக்காலத்துக்குச் சிலுவைப் பாதை, நடைபயணம், தியானம், பாஸ்கு நாடகம் என்று எவ்வளவு! உயிர்ப்புக் காலத்துக்கு? ஏப்ரல், மே வெயிலும் பள்ளி விடுமுறையும்தான். நம் பக்தியின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று எளிது. காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளைச் செபத்துக்குப் பதில் இந்த 50 நாளும் “பரலோக இராக்கினியே மனங்களிகூரும், அல்லேலூயா” செபத்தைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு சொல்ல வேண்டும். உயிர்ப்புக் காலத்தில் நிற்பதே செபத்தின் தோரணை. முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் இந்நாள்களில் முழங்காலிடுவதைத் தவிர்த்தார்கள்.

இன்னொன்று, எம்மாவு வழி: எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களோடு உயிர்த்த இயேசு கூட நடந்த கதை. லூக்கா 24. வாக்கிங் போகும் வழக்கம் உள்ளவர்கள் யாராவது ஒருவரோடு, கணவரோ தோழியோ, வாரம் ஒரு நாள் போனை வீட்டில் வைத்துவிட்டு நடங்கள். அந்த இரண்டு சீடர்களைப் போல நடந்ததையெல்லாம் பேசிக்கொண்டே. புலம்பலாம், அவர்களும் புலம்பத்தான் செய்தார்கள். வீட்டுப் படியேறும்போது, “எங்களோடு தங்கும், ஏனெனில் மாலை நேரம் ஆயிற்று, பொழுதும் போயிற்று” என்று சொல்லி முடியுங்கள்.

நவநாளில் ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கும் தூய ஆவியார் வருகைக்கும் இடையில் மரியாவும் சீடர்களும் கூடிச் செபித்த ஒன்பது நாள்கள்தான் நவநாளுக்கு முன்மாதிரி; அது மந்திரக் கணக்கு அல்ல. “இந்த நவநாளை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள். அதற்கும் திருச்சபைக்கும் சம்பந்தமில்லை.

பொதுக்காலம் என்றால் சும்மா இருக்கிற காலமா?

பெயர் அப்படித் தோன்ற வைக்கிறது. 33 அல்லது 34 வாரம், பச்சை உடை. இயேசு நடந்தார், பேசினார், சாப்பிட்டார், குணமாக்கினார். நம் வாழ்க்கையும் முக்கால்வாசி பொதுக்காலம்தானே.

இந்தக் காலத்துக்கு நற்செய்தியே செபப்புத்தகம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் வருவார். மாற்கு சின்னது என்பதால் அவருடைய ஆண்டின் நடுவிலும் ஐந்து ஞாயிறு யோவானே வந்து உயிர் தரும் உணவைப் பற்றிப் பேசுவார். எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஆங்கில ஆண்டு மூன்றால் மீதியின்றி வகுபட்டால் லூக்காவின் ஆண்டு. 2025 அப்படி. 2026 மத்தேயு, 2027 மாற்கு. திருவருகைக் காலம் வந்துவிட்டால் அடுத்த ஆண்டின் கணக்கு என்பதை மறக்காதீர்கள்.

நம் ஊர்ப் பொதுக்காலம் வெறுமையாகவும் இருப்பதில்லை. ஜூன் திருஇருதய மாதம். ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா, ஆகஸ்ட் 15 விண்ணேற்பு. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை சாலையெல்லாம் காவி உடுத்து நடக்கும் கூட்டம். அக்டோபர் செபமாலை மாதம், அன்பிய வீடுகளில் மாதா சுரூபம் சுற்றி வரும். மடு மாதாவின் ஆகஸ்ட் திருநாளுக்கு இலங்கையில் காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

தியானிக்க உட்கார்ந்தால் கேஸ் புக் பண்ணினேனா என்றுதான் மனம் போகிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். கேஸ் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். துறவிகளிடமிருந்து வந்த ஒரு பழைய முறை நான்கு படி கொண்டது: வாசி, அசைபோடு, பேசு, சும்மா இரு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியன் துறவி இதை ஏணியாக எழுதி வைத்தார்.

உதாரணத்துக்கு மாற்கு 10இன் கடைசியில் வரும் பர்த்திமேயு. இரண்டு முறை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். எந்தச் சொல் இடறுகிறதோ அங்கே நில்லுங்கள். எனக்கு ஒருமுறை ‘மேலுடை’ இடறியது. பார்வையற்ற பிச்சைக்காரருக்கு அந்த மேலுடைதான் பாய், போர்வை, காசு விழும் துணி எல்லாம். கூப்பிட்டதும் அதை எறிந்துவிட்டு ஓடுகிறார். பார்வை கிடைக்காவிட்டால் திரும்பி வந்து எங்கே தேடுவார்? நான் எதை எறியாமல் பிடித்திருக்கிறேன்? அதைப் பற்றி ஆண்டவரோடு ஒரு பேச்சு. பிறகு மூன்று நிமிடம் சும்மா. அந்தச் சும்மாவில் ஒன்றும் நடக்காது பெரும்பாலும். பரவாயில்லை.

பாட்டி சொல்லும் செபம் ஒன்று, பிள்ளை சொல்வது ஒன்று. எது சரி?

இரண்டும். என் பாட்டி “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்பார்கள். அம்மா ‘கர்த்தர் உம்முடனே’ என்பார்கள். நான் ‘ஆண்டவர் உம்முடனே’ என்பேன். ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’ இன்று ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ ஆகிவிட்டது. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, உள்ளூர்க்காரர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்தே செபத் தமிழ் மாறிக்கொண்டுதான் வருகிறது.

கோவிலில் இன்றைய பாடத்தைச் சொல்லுங்கள், ஒரே குரலாக இருக்கட்டும். பெரியவர்களின் படுக்கையருகில் உட்கார்ந்தால் அவர்களுடைய பாடத்தைச் சொல்லுங்கள். என் பாட்டிக்குக் கடைசி மாதங்களில் எங்கள் பெயர் மறந்துவிட்டது. புது மொழியில் செபமாலை சொன்னால் முகத்தில் அசைவில்லை. ‘பிரியதத்தத்தினாலே’ என்று தொடங்கினால் உதடு தானாக அசையும், ‘ஆமென் சேசு’ வரை.

நவம்பரில் இறந்தவர்களுக்காக எப்படிச் செபிப்பது?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முதல் நாளே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மறுநாள் பூவும் வத்தியும் வைத்து, சாமியார் மந்திரிக்கும் (ஆசீர்வதிக்கும்) வரை காத்திருப்பது நமக்குத் தெரிந்ததே. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று இறந்தோருக்காகச் செபித்தால், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு, அவர்களுக்குப் பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலையான பரிபூரண பலன் பெற்றுத் தரலாம்.

வெளியூரில் இருப்பவர்கள் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி மாதம் முழுவதும் படத்தடியில் வையுங்கள். தினம் ஒரு பெயர், அவரைப் பற்றி ஒரு நினைவு, பிறகு “நித்திய இளைப்பாற்றியை ஆண்டவரே அவருக்கு அளித்தருளும்.” அத்தைமார், தாத்தாமார் முடிந்தபின் பெயர்கள் தீராது. எனக்கு ஒருமுறை 19ஆம் தேதி வாக்கில் பழைய வீட்டுக்குப் பால் ஊற்றியவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பெயர் கடைசி வரை வரவில்லை. ‘பால்காரர்’ என்றே எழுதினேன்.

போன ஆண்டின் குருத்தோலை காய்ந்து கிடக்கிறது. குப்பையில் போடலாமா?

போட வேண்டாம், மந்திரித்த பொருள். திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறுகளில் கோவிலில் பழைய ஓலைகளைக் கேட்டு வாங்குவார்கள்; அதை எரித்த சாம்பல்தான் நம் நெற்றிக்கு வரும். கொண்டுபோக மறந்துவிட்டால் வீட்டிலேயே எரித்து, சாம்பலைச் செடிக்குப் போடலாம். சிலுவையாகப் பின்னியிருந்தால் பின்னலைப் பிரித்துவிட்டு எரியுங்கள், இல்லாவிட்டால் நடுமுடிச்சு சரியாக வேகாது. சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்த இடத்தைத் துடைக்கவும் மறக்காதீர்கள், அங்கே பல்லி முட்டை இருக்கும்.